பரணில் இருக்கும் மலாயாப் பெட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள்



சங்கரன்கோவிலிலிருந்தும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலிருந்தும் மலாயா போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். போய் வராமலே போனவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்களில் உண்டு. கட்சியில்லை, சாதிச் சங்கமில்லை, ரசீதுப் புத்தகமும் அடிக்கவில்லை. உங்களிடம் கேட்பது உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைத்தான்.

போன வருஷம் எங்களில் ஒருவர் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டினார். தறி நின்று பல காலமான வீடு. பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே துருவேறிய ரப்பர் பால்வெட்டுக் கத்தி ஒன்று. அதன் கீழே நூல் போட்டுக் கட்டிய நோட்டுக் கட்டு. வாழைமரமும் குலையும் போட்ட பத்து டாலர் நோட்டுகள்; ஜப்பான்காரன் மலாயாவை ஆண்டபோது அச்சடித்தவை. வெள்ளைக்காரன் 1945 செப்டம்பரில் திரும்பி வந்ததும் அவை வெறும் காகிதமாகிவிட்டன. செல்லாது என்று தெரிந்தும் அந்தத் தாத்தா கப்பலில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றரை வருஷ உழைப்பைக் கரையில் போட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை போலும்.

நோட்டுக்கு அடியில் கடிதங்கள். 1946ல் ஊர் திரும்பிய அந்தத் தாத்தாவுக்கு, பேராக் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட தம்பி எழுதியவை. ஒரு கடிதத்தில் 1948 என்று தேதி இருக்கிறது. வழக்கம்போல அரிசி விலை, காய்ச்சல், இந்த மாதம் பணம் அனுப்ப முடியாத காரணம். கடைசியில் ஒரு கேள்வி. இங்கே குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்கிறார்கள், பதினைந்து வருஷம் இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள், தோட்டத்து ஆள்பதிவுச் செக்ரோல் புத்தகமோ ஜப்பான்காரன் காலத்தில் போன இடம் தெரியவில்லை. மனுப் போடட்டுமா, நானும் கப்பல் ஏறட்டுமா?

அண்ணன் என்ன பதில் எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியாது.

மலாயா என்றால் நம் ஊரில் சொல்வதற்கு மூன்று கதை இருக்கிறது. ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சை நம்பிப் போன கதை, சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன கதை, நேதாஜி படையில் சேர்ந்த கதை. மூன்றும் 1945ல் முடிந்துவிடுகின்றன. அதற்கு அடுத்த மூன்று நான்கு வருஷத்தில்தான், இந்த நாட்டை ஆள்வதில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அங்கிருந்த நம்மவர்கள் வாய்திறந்து கேட்டார்கள். அந்தப் பகுதி நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. நாங்கள் பெட்டியைத் தேடுவது அதற்காக.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: தோட்டத்துத் துரையோ, கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். ராணுவத்தை இறக்கி அதை அடக்கினார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். அதே வருஷம் டிசம்பர் 8ல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூரே விழுந்தது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார்கள் மூட்டை கட்டி ஓடியதை நம் ஆட்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். இதிலே ஒரு வேடிக்கை, மலாயாவுக்குள் ஜப்பான் சிப்பாய்களில் பலபேர் வந்ததும் சைக்கிளில்தான்.

வந்தவன் நல்லவனில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். தோட்டம் தோட்டமாக ஆள் திரட்டினான். அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் சயாமின் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெயரும் வயதும் பொறித்து நிற்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்தது தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும். அவர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை. 1931 குடிக்கணக்கில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த மலாயா, சிங்கப்பூர் இந்தியர் தொகை, பதினாறு வருஷம் கழித்து 1947ல் எடுத்த கணக்கில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. ஊர் திரும்பியவர்களும் இதில் சேர்த்திதான் என்றாலும், பெருக வேண்டிய தொகை குறைந்திருக்கிறது.

அதே காலத்தில்தான் 1943ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ல் சுதந்திர இந்தியாவின் அரசாங்கத்தை அறிவித்தார். இந்தியாவைக் கண்ணால் பார்த்தறியாத, தோட்டத்திலே பிறந்த பிள்ளைகள் துப்பாக்கி தூக்கினார்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டுக்காரப் பெண்களும் அணிவகுத்தார்கள். போர் தோற்றது. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்ற ஆட்களாகவா அவர்கள் திரும்பி வந்தார்கள்?

போர் முடிந்தபின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஒன்று கிளம்பியது. முதல் வேலையாகக் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். கூலியைக் கொடுத்த தோட்டமே கள்ளுக்கடை வைத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதை நிறுத்தப் பார்த்தார்கள். சுயராஜ்யம் லயத்து முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தப் படிக்காத ஆட்கள் புரிந்துவைத்திருந்தார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். 1946 ஆகஸ்டில், நேதாஜியின் இயக்கத்தில் இருந்த ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த வருஷமே அது சீனர், மலாய்க்காரர் அமைப்புகளோடு கைகோத்து, மலாயாவுக்கு மக்களே எழுதிய ஓர் அரசியல் சட்ட வரைவை முன்வைத்தது. தேர்தலில் வந்த சட்டசபை வேண்டும், அந்த மண்ணைத் தாய்நாடாக ஏற்ற எல்லாருக்கும் சமக் குடியுரிமை வேண்டும், மலாய் ஆட்சிமொழியாக இருக்கட்டும் என்றார்கள். 1947 அக்டோபர் 20ல் நாடெங்கும் ஹர்த்தால். கடைகள் அடைத்தன, தோட்டங்களில் பால் வெட்டு நின்றது.

வெள்ளைக்கார அரசு அந்த வரைவைத் தள்ளிவிட்டது. 1948 பிப்ரவரி 1ல் வந்த கூட்டரசு ஒப்பந்தத்தில், வெளியே பிறந்தவர் குடியுரிமை கேட்டால் முந்தைய இருபது வருஷத்தில் பதினைந்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் அல்லது இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். தம்பியின் கடிதத்தில் இருக்கும் பதினைந்து வருஷம் இதுதான். சொந்த நாட்டிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற மலாய்க்காரர் பயத்தைப் பொய் என்று தள்ள முடியாது. நம் பக்கமும் குறை உண்டு. 1946லும் 47லும் அங்கிருந்த தமிழரில் பலபேருக்குக் கண் டில்லியில் இருந்தது. காலடியில் நடந்ததைக் கவனிக்கச் சுணங்கிவிட்டார்கள்.

அந்த வருஷம் ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. அதன்கீழ், தஞ்சைச் சீமையில் பிறந்து அங்கே தொழிற்சங்கத் தலைவரான எஸ்.ஏ. கணபதியை, நேரு அரசு மன்றாடியும் கேளாமல், 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். மலாயா 1957 ஆகஸ்ட் 31ல் சுதந்திரம் பெற்றது. அதற்குப் பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு, நாடற்றவர்களாகக் கிழடுதட்டிப்போன தமிழர்கள் அங்கே உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒரே குறைதான்: கையில் காகிதம் இல்லை.

இங்கே திரும்பியவர்கள் கதையும் அதேதான். நேதாஜி படையில் இருந்த எங்கள் தாத்தா ஒருவர், தியாகி பென்ஷன் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். சிறைச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். தகரப் பெட்டியிலிருந்த அத்தனையும் காட்டினார். கேட்ட காகிதம் மட்டும் அதில் இல்லை. வரி கொடுக்க மறுத்த பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் வருஷா வருஷம் விழா எடுக்கிற நாம், கடல் தாண்டிப்போய் ஓட்டுரிமை கேட்ட நம் வீட்டு ஆளின் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை.

ஆகவே கேட்கிறோம். மலாயா, சிங்கப்பூர், பர்மாவிலிருந்து வந்த கடிதம், மணியார்டர் துண்டு, கப்பல் டிக்கெட், போட்டோ, படையில் இருந்த அடையாளம், தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, குடியுரிமை மனுவின் நகல், எதுவானாலும் எடுத்து வாருங்கள். பர்மாவிலிருந்து 1942ல் காட்டுவழி நடந்தே வந்த வீட்டாரும் வரவேண்டும். ஆடித்தபசுக் கொடி ஏறிய நாளிலிருந்து தபசு முடியும்வரை தினமும் சாயங்காலம் ரத வீதியில் ஒரு பந்தலில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்போம். ஆடிச்சுற்று முடித்துவிட்டு அப்படியே வரலாம். உங்கள் கண்முன்னே படமெடுத்து அங்கேயே கையில் கொடுத்துவிடுவோம். மூலம் ஒன்றுகூட எங்களிடம் தங்காது.

கடிதத்தில் குடும்ப விஷயம் இருக்குமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. அங்கேயும் ஒரு பெண்டாட்டி இருந்த சேதி எங்கள் பெட்டியிலேயே கிடைத்தது, வீட்டில் ரெண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் சரியென்று சொல்லாத பக்கத்தை நாங்கள் வெளியே காட்டமாட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வாழைமர நோட்டுக்கு விலை பேசி ஆள் வருகிறான். நோட்டை வாங்கிக்கொண்டு, கடிதத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொல்கிறான். நோட்டைக் கொடுப்பது உங்கள் விருப்பம். அந்த மாதிரி நோட்டு உலகத்தில் ஏராளமாகக் கிடக்கிறது. கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். லேமினேஷனும் பண்ண வேண்டாம், செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம்.

எண்பது வயதைத் தாண்டிய ஆத்தா, தாத்தாமார் பெட்டி இல்லாமலே வரலாம். பழைய கூட்டெழுத்தைப் படித்துச் சொல்ல எங்களுக்கு ஆள் வேண்டும். நடக்க முடியாதவர்கள் பேரன் மூலம் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

மலேசியாவில் சொந்தம் உள்ளவர்கள் இந்த வேண்டுகோளைப் போனில் அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு அண்ணன் பேராக்கிலிருந்த தம்பிக்கு 1948ல் எழுதிய பதில், அங்கே யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.