கண்ணில் படும்படி நடப்போம்



தைப்பூசத்துக்கு மாலை போட்டவர்கள் பழனிக்குக் கிளம்பும் காலம் இது. செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகவும், ஈரோடு, சேலம் பக்கமிருந்து தாராபுரம் வழியாகவும் சாரை சாரையாக ஜனங்கள் நடப்பார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பகுதி நடை ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடக்கும். பச்சை வேட்டி, காவித் துண்டு, முதுகில் ஒரு துணிப்பை, வெறுங்கால். அதே சாலையில்தான் லாரியும் பஸ்ஸும் பாய்ந்து வரும். அதனால் இந்த மாதம் நம் பக்கத்தில், கட்டுமான வேலை நடக்கும் இடங்களிலும் டிராஃபிக் போலீஸார் மேலும் நாம் தினமும் பார்க்கிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன்.

இருட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கு நமக்கு அரை கிலோமீட்டர் தள்ளியே தெரிந்துவிடும். ‘நமக்கே இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, அவருக்கு நாம் தெரியாமலா இருப்போம்’ என்று மனம் தானாக நம்பிக்கொள்கிறது. உயிரை வாங்குவது இந்த நம்பிக்கைதான். நடந்து செல்பவர்கள், தாங்கள் ஓட்டுநர் கண்ணில் படும் தூரத்தை மிகையாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போயிற்று. அதன் பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில்கூட இன்னும் 20 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டருக்கு மேல். விளக்கைத் தாழ்த்தி ஓட்டுகிறவர் கண்ணுக்குக் கறுப்போ கரும்பச்சையோ உடுத்தியவர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வந்த பிறகுதான் புலப்படுவார். நல்ல ஒளிரும் பட்டை அணிந்தவரோ 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிவார். சில நூறு ரூபாய் ஜாக்கெட் நமக்கு வாங்கித் தருவது அந்த இடைவெளியைத்தான்.

ஜாக்கெட்டில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்று, பளிச்சென்ற அந்த மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரிகிற ஒளியாக மாற்றித் தருகிற ஃப்ளோரசன்ட் சாயம் அதில் இருக்கிறது. அதனால்தான் சுற்றியுள்ள எதையும்விட அது எடுப்பாகத் தெரிகிறது. விடியலிலும் அந்தியிலும் வெளிச்சம் மங்கும்போது இதன் பலன் இன்னும் கூடும். ஆனால் ராத்திரியில் ஹெட்லைட்டுக்கு முன்னால் அது ஏறக்குறைய சாதாரணத் துணிதான். மற்றொன்று, சாம்பல் நிறத்தில் சாதுவாகத் தெரியும் பட்டை. அதில் மணலைவிட நுண்ணிய கண்ணாடி மணிகளோ, பட்டகங்களோ பதிந்திருக்கும். விழுகிற ஒளியை அவை நாலாபக்கமும் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது நேராகப் போய்ச் சேரும். பகலில் துணி காக்கும், இரவில் பட்டை காக்கும். சாதாரண மஞ்சள் டீ-ஷர்ட்டோ காவி வேட்டியோ இந்த இரண்டு வேலையையும் செய்யாது.

துணியில் இருக்கும் அந்தப் பளிச்சென்ற சாயத்தைக் கண்டுபிடித்து வளர்த்தவர்கள் அமெரிக்காவின் ஸ்விட்சர் சகோதரர்கள். 1930களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய முயற்சி அது. 1964-இல் கிளாஸ்கோ நகரில், புதிதாக மின்மயமான ரயில் பாதையில் வேலை செய்த தொழிலாளர்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்து ரயில்வேக்காரர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ‘மின்மினி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் தண்டவாளங்களில் வேலை செய்யும் டிராக்மேன் அண்ணன்கள் போட்டிருக்கும் ஆரஞ்சுச் சட்டை அந்த வழியில் வந்ததுதான்.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் உள்பக்கச் சீட்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 15809, உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 20471 என்ற எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ. தரத்தில் மூன்று வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பில் பளிச்சென்ற துணி குறைந்தது 0.14 சதுர மீட்டர், இரண்டாவதில் 0.50, மூன்றாவதில் 0.80. பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. சாலை வேலைக்குக் குறைந்தது இரண்டாம் வகுப்பு வாங்குங்கள். வேகச் சாலையில் ராத்திரி வேலை என்றால் மூன்றாம் வகுப்பு வேண்டும். அதற்குக் கையில்லாத ஜாக்கெட் மட்டும் போதாது; பட்டை வைத்த முழுக்கையோ கால்சட்டையோ சேர வேண்டும்.

சீட்டில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று சந்தேகப்படுகிறீர்களா? கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஜாக்கெட்டைப் பத்தடி தள்ளி மாட்டச் சொல்லுங்கள். மொபைல் டார்ச்சைப் போட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நல்ல பட்டை வெள்ளை வெளேரென்று பற்றிக்கொண்டதுபோல் தெரியும். டார்ச்சை அப்படியே கையை நீட்டிப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் சட்டென்று மங்கிவிடும். ஒளியை வந்த வழியே திருப்புகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி சாம்பலாகவே இருந்தால் அது வெறும் வெள்ளிநிறத் துணி. வாங்காதீர்கள். பட்டை இடுப்பைச் சுற்றி முன்னும் பின்னும் முழுசாக ஓடுகிறதா, இரண்டு ஓரமும் தையல் போட்டிருக்கிறதா, விரலால் மடக்கினால் வெடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நிறத்தை இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வயல், தோட்டம், மரங்கள் சூழ்ந்த சாலை என்றால் பச்சைக்கு நடுவே ஆரஞ்சு தூக்கித் தெரியும். ஆரஞ்சுத் தடுப்புகள் நிறைந்த வேலைத்தளத்தில் மஞ்சள்தான் எடுபடும். நம் வெயிலுக்கு வலைத்துணி நல்லது. வியர்வை தாங்காமல் கழற்றி வைத்துவிட்டால் எவ்வளவு உயர்ந்த ஜாக்கெட்டும் பயனில்லை. இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், எங்காவது மாட்டி இழுத்தால் தானே பிரிந்துவிடும்படி வெல்க்ரோ வைத்ததை வாங்க வேண்டும். வெல்டிங் செய்கிறவர்களுக்குச் சாதாரண பாலியஸ்டர் கூடாது. பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தீ எளிதில் பற்றாத துணியில் தனியாகவே கிடைக்கிறது.

வாங்கிய பிறகு போடும் விதமும் முக்கியம். முன்பக்கத்தைத் திறந்துவிட்டால் பட்டையில் பாதி மறைந்துபோகும். முதுகுப் பையும் மழைக்கோட்டும் மொத்தத்தையும் மூடிவிடும். அதனால் பையின் மேலும் ஒரு பட்டையை ஒட்டிவிடுங்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கணுக்காலில் ஒரு பட்டை சுற்றிக்கொள்வது மிகப் பெரிய உதவி. நெஞ்சில் மட்டும் ஒளி தெரிந்தால் அது கம்பமா, தடுப்பா என்று ஓட்டுநர் ஒரு கணம் யோசிப்பார். கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் ஒளி மாறி மாறி அசைந்தால் ‘ஆள் நடக்கிறான்’ என்று மூளை உடனே கண்டுகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சாலையிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

துவைக்கும்போது பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பட்டை மேல் இஸ்திரியும் வேண்டாம். எத்தனை முறை துவைக்கலாம் என்று சீட்டிலேயே போட்டிருக்கும். வெயில் ஃப்ளோரசன்ட் சாயத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வெளிறிய ஜாக்கெட், அணிந்தவருக்குத் தைரியத்தை மட்டும் தரும், பாதுகாப்பைத் தராது.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் நம் தெருவைப் பெருக்க வரும் அக்காவையும், ராத்திரியில் தார் போடும் தம்பிகளையும் பாருங்கள். அவர்களில் பலர் போட்டிருப்பது நிறம் போய், பட்டை உரிந்த ஜாக்கெட். அதைத் தங்கள் கூலியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியது அவர்கள் அல்ல. சாலைக்கு ஆளை அனுப்புகிறவர் யாரோ, நல்ல ஜாக்கெட் கொடுப்பதும் பழசானால் மாற்றுவதும் அவர் கடமை. காண்டிராக்டராக, மேற்பார்வையாளராக, குடியிருப்போர் சங்க நிர்வாகியாக இதைப் படிக்கும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. உங்கள் வாட்ச்மேனுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் இந்த மாதமே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரான்ஸில் 2008 முதல் ஒவ்வொரு காரிலும் இந்த ஜாக்கெட் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதுவும் டிக்கியில் அல்ல, உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கெட்டும்படி. நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரானால் இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. சட்டம் வரும்வரை நாம் காத்திருப்பானேன்?

பாதயாத்திரைக் குழுக்களுக்கு: முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் கட்டாயம் ஜாக்கெட் போடுங்கள், கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு இருக்கட்டும், குழந்தைகளை நடுவில் விடுங்கள், தார்ச்சாலையை விட்டு ஓரமாக ஒற்றை வரிசையில் நடங்கள். ஜாக்கெட் கவசம் அல்ல. அது ஓட்டுநருக்குக் கூடுதலாகச் சில வினாடிகளைத் தருகிறது, அவ்வளவே. மிச்சம் நம் கவனத்தில் இருக்கிறது.

வழிநெடுகப் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும் நல்ல உள்ளங்களே! பல ஊர்களில் போலீஸாரே பக்தர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த வேலையில் நீங்களும் கைகொடுங்கள். இலை போடுகிற இடத்திலேயே ஒரு மேஜையில் பட்டைச் சுருளும் கத்தரிக்கோலும் வையுங்கள். சாப்பிட்டுக் கிளம்புகிறவர் பையிலும் கணுக்காலிலும் இரண்டு துண்டு ஒட்டி அனுப்புங்கள். வேளாங்கண்ணிக்கும் சமயபுரத்துக்கும் நடப்பவர்களுக்கும் அந்தந்தக் காலத்தில் இதையே செய்யலாம். உங்கள் ஊரில் செய்தால் எங்களுக்கு எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்களும் படித்துச் செய்யட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்