பைப்பில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவோம்

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பி.வி.சி. பைப் இல்லாத வீடு இன்று அபூர்வம். போர்வெல் கேசிங் முதல் சமையலறைக் குழாய் வரை அதுதான். அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பிளாஸ்டிக் என்றாலே விஷம், அந்தக் காலத்து இரும்புக் குழாய்தான் நல்லது" என்பது ஒன்று. "பைப்பில் என்ன வித்தியாசம், விலை குறைந்ததை வாங்கு" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

பி.வி.சி.யின் மூலப்பொருள் வினைல் குளோரைடு என்னும் வாயு. உப்பிலிருந்து பிரித்த குளோரினையும் எத்திலீனையும் சேர்த்து, வருவதைச் சுமார் 500 டிகிரி சூட்டில் உடைத்து அதை எடுக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் எடுக்கலாம். நம் அரியலூரில் சிமெண்டுக்குப் போகும் அதே கல்தான். அதைச் சுட்டுக் கரியோடு உருக்கினால் கார்பைடு கல், அதிலிருந்து அசிட்டிலீன், அதிலிருந்து வினைல் குளோரைடு. ராஜஸ்தான் கோட்டாவில் இந்த முறையில் செய்கிறார்கள். 1967-ல் பி.வி.சி. உற்பத்தி தொடங்கிய நம் மேட்டூரில், எரிசாராயத்திலிருந்து எத்திலீன் எடுத்துச் செய்த காலம் உண்டு. 2009-ல் வந்த கடலூர் ஆலைக்கு வினைல் குளோரைடே கப்பலில் வந்து இறங்குகிறது.

இந்த வாயு பொல்லாதது. எளிதில் தீப்பற்றும், புற்றுநோயும் உண்டாக்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயில்கூட இதைச் சேர்த்தார்கள். 1974-ல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகர ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அபூர்வமான ஈரல் புற்றுநோய் வந்தது தெரிந்த பிறகுதான் உலகம் விழித்தது. 2023 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டபோது, 5 டேங்கர் வினைல் குளோரைடை வெளியேற்றிக் கொளுத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அப்படியானால் பைப்பும் விஷம்தானே என்று கேட்கலாம். இல்லை. வாயுவின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பிறகு அது வேறு பொருள். ஆலைக்குள் போகும் வாயு 99.9 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் பியூட்டடையீன் கலந்திருந்தாலும் சங்கிலி சரியாகச் சேராது. சேராமல் மிஞ்சிய வாயுவை நீராவி செலுத்தி வெளியேற்றுகிறார்கள். ஒழுங்காக நடக்கும் ஆலையில் மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அந்த வாயுவின் ஆபத்து பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிக்கும், ஆலையை ஒட்டி வாழ்பவருக்கும்தான். அவர்களுக்காக அரசு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு. பி.வி.சி. சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து சேர்க்க வேண்டும். மலிவாக முடிக்க நினைப்பவர்கள் ஈய உப்பைச் சேர்த்தார்கள். ஈயம் தண்ணீரில் கசியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் 2021-ல் ஒன்றிய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. விதி டெல்லியில் இருந்தால் போதாது, நம் ஊர் ஹார்டுவேர் கடையிலும் இருக்க வேண்டும்.

வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். குடிநீர் பைப்புக்கு ஐ.எஸ். 4985, போர்வெல் கேசிங்குக்கு ஐ.எஸ். 12818, கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை. எழுத்தே இல்லாத பைப்பை இலவசமாகக் கொடுத்தாலும் குடிதண்ணீருக்குப் போடாதீர்கள். பஞ்சாயத்தில் குழாய் பதிக்கும்போது என்ன பைப் இறங்கியிருக்கிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு அதற்கு நேரம் இருக்கிறது.

இன்னொன்று. வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் பழைய ஒயரையும் போகியன்று கொளுத்தாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சினும் வரும். பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்தால் போட்டுவிடுங்கள். எடுக்காவிட்டால் ஒரு மூலையில் கிடக்கட்டும்.