ஐந்தாம் சக்கரத்தில் குடித்தனம்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே வரல. இன்னிக்கு எழுதப்போறது சினிமாவும் இல்ல, புரொபசர் புலம்பலும் இல்ல. டிரெய்லர் வீடு வாங்குறது பத்தி. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

போன வாரம் கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன் எட்டு போட்டோ அனுப்பினான். "அடுத்த வருஷம் முழுக்க இதுல குடியிருக்கலாம்னு இருக்கேன், அட்வான்ஸ் கொடுக்கப் போறேன், எப்படி இருக்கு?" சமையலறை நடுவுல மேடை, சுவத்துல போலி கணப்பு, அதுக்கு மேல டிவி, ராஜா வீட்டுக் கட்டில். நம்ம அபார்ட்மெண்ட்டை விட நூறு மடங்கு அழகு. ஆனா எட்டு போட்டோவுல ஒண்ணுல கூட கதவோரம் ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கர் இல்ல. அந்த ஸ்டிக்கரைப் பார்க்காம ஒரு டாலர் கூடக் கொடுக்காதன்னு சொன்னேன். "ஸ்டிக்கரா?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பிச்சது, நீளமாயிடுச்சு, இங்கேயே போடறேன்.

தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவுல காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற வீட்டு வண்டிகள் பார்த்திருப்பீங்க. அதுல பெரிய ஜாதி இந்த 'ஃபிஃப்த் வீல்', ஐந்தாம் சக்கரம். இதுக்குக் கொக்கி பம்பர்ல இல்ல. பிக்கப் டிரக்கோட முதுகுல, பின் அச்சுக்கு மேல, ஒரு தட்டு இருக்கும். டிரெய்லர் மூக்குல இருந்து இறங்குற தடி முளை அதுல பூட்டிக்கும். நெடுஞ்சாலையில போற பெரிய சரக்கு லாரிகளும் இதே முறைதான். குதிரை வண்டிக் காலத்துல முன் அச்சு திரும்புறதுக்காகப் படுக்க வச்ச சக்கரம் ஒண்ணு இருந்தது, பேரு அங்கிருந்து வந்தது. எடை டிரக்கோட நடு முதுகுல உட்கார்றதால ஆட்டம் குறைவு, அதனால நீளமா, உயரமா, வீடு மாதிரியே கட்டலாம். வருஷக்கணக்கா குடியிருக்க நினைக்கிறவங்க இதைத் தேடிப் போறது அதனாலதான்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, கொசுவத்தி சுத்துங்க, 2022 கோடை. எங்க லேப் சீனியர் ஒருத்தர், டெக்சாஸ்காரர், கல்யாணமாகி நாலு வயசுப் பொண்ணு. வாடகை ஏறிக்கிட்டே போச்சு, பி.எச்டி முடிக்க இன்னும் மூணு வருஷம். ஃபிஃப்த் வீல் வாங்கி ஊர் ஓரத்து ஆர்வி பார்க்குல மாச வாடகைக்கு இடம் பிடிச்சு குடியிருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. எக்செல் ஷீட் நல்லாப் போடுவான்னு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. நாலு சனிக்கிழமை அலைஞ்சோம்.

முதல் சனிக்கிழமையே கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுட்டாங்க. 41 அடி, மூணு பக்கமும் இழுப்பறை மாதிரி வெளிய தள்ளுற ஸ்லைட், பொண்ணுக்குத் தனி ரூம். அவர் மனைவி அந்தச் சமையல் மேடையை ஒரு தடவை தடவிப் பார்த்தாங்க, அவ்வளவுதான், மனசு அங்கேயே தங்கிடுச்சு. சேல்ஸ்மேன் சொன்ன கணக்கு: 60,000 டாலர் கடன், 7 சதவீதம், 20 வருஷம், மாசம் 465 டாலர்தான். 'தான்' ரொம்ப முக்கியம். நான் சும்மா இருக்க முடியாம கதவுப் பக்கம் போய் அந்த ஸ்டிக்கரைப் படிச்சேன். இந்த வண்டியில ஏத்துற சரக்கு 1,580 பவுண்டுக்கு மேல போகக்கூடாது. சுமார் 715 கிலோ.

வெறும் வண்டி 13,920 பவுண்டு. அச்சு, டயர், சட்டம் எல்லாம் சேர்ந்து தாங்குற வரம்பு 15,500. நடுவுல மிச்சம் இருக்கறதுதான் உங்க வாழ்க்கைக்குக் கொடுத்திருக்கிற இடம். நல்ல தண்ணித் தொட்டி 75 காலன், நிரப்பினா அதுவே 625 பவுண்டு. தண்ணியோட நகர்ந்தா மிச்சம் 955. அதுல துணி, பாத்திரம், புத்தகம், வாஷிங் மெஷின், கருவிப் பெட்டி, பொம்மை எல்லாம்.

"எங்க கிட்ட பெருசா ஒண்ணும் இல்லையே"ன்னார் சீனியர். சரி, நிறுத்துப் பார்ப்போம்னு அவங்க வீட்டுக்குப் போனோம். பாத்ரூம் தராசுதான். அவர் ஒவ்வொரு பெட்டியா தூக்கிக்கிட்டு மேல ஏறி நிப்பார், நான் அவர் எடையைக் கழிச்சு ஷீட்ல போடுவேன், பொண்ணு நம்பரைச் சத்தமா வாசிக்கும். நாலு சாயங்காலம் ஆச்சு. தூக்கிப் போட வேண்டியதைப் போட்ட பிறகும் 2,740 பவுண்டு. இரும்பு வாணலி ஒண்ணே எட்டு பவுண்டு. பெருசா ஒண்ணும் இல்லாத குடும்பத்தோட எடை இது.

விசித்திரம் என்னன்னா, வண்டி பெருசாக ஆக இந்த மிச்சம் பல நேரம் குறையுது. மேடை, கணப்பு, மூணு ஸ்லைட், ரெண்டு குளியலறை எல்லாத்துக்கும் எடை இருக்கு. கீழ இருக்கிற அச்சும் டயரும் அதுக்கேத்த மாதிரி வளரல. ஷோரூம்ல நம்ம பார்க்கிறது எடையைத் தின்ன சாமானை. அதிகம் ஏத்தினா அன்னிக்கே உடையாது. ஒரு வெயில் நாள், நெடுஞ்சாலையில டயர் வெடிக்கும். வெடிச்ச டயர் சும்மா போகாது, சக்கரத்துக்கு மேல இருக்கிற தரையையும் குழாயையும் கிழிச்சுட்டுப் போகும். கார்ல டயர் வெடிச்சா பயணம் கெடும், இதுல வீடு கெடும்.

அடுத்தது டிரக். அவர்கிட்ட இருந்தது அரை டன் வகை. டிரைவர் கதவைத் திறந்தா அங்கேயும் ஒரு ஸ்டிக்கர்: ஆளும் சரக்கும் சேர்ந்து 1,640 பவுண்டு. ஃபிஃப்த் வீல் தன் எடையில கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கை டிரக் முதுகுல வைக்கும். 15,500-க்கு 3,100 பவுண்டு. குடும்பம் ஏறுறதுக்கு முன்னாடியே வரம்பைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகிடுது. சேல்ஸ்மேன் கிட்ட கேட்டா "உங்க டிரக் 11,000 பவுண்டுக்கு மேல இழுக்கும் சார்"ங்கறார். இழுக்கறது வேற, சுமக்கறது வேற. மாடு வண்டியை இழுக்கும், அதுக்காக வண்டியைத் தூக்கி மாட்டு முதுகுல வைப்பீங்களா?

கடன் கணக்கையும் ஒரு தடவை சொல்லிடறேன். அந்த 465 டாலரை 20 வருஷம் கட்டினா மொத்தம் 1 லட்சத்து 11 ஆயிரம் டாலருக்கு மேல. அது கூடப் பரவாயில்ல. அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 27,900 டாலர் கட்டியிருப்பீங்க, பாக்கி இன்னும் 51,700-க்கு மேல நிக்கும். அதுக்குள்ள வண்டி விலை சரிஞ்சிருக்கும். வித்தாலும் கடன் தீராது, வச்சுக்கவும் முடியாது. வாடகைக்கு இருக்கிறவன் பிடிக்கலன்னா காலி பண்ணலாம். இவனால முடியாது. வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் வாடகையை விடக் கெட்டியான கயித்துல மாட்டிக்கறதுங்கறது இதுதான். அதனால என் கருத்து: ஒரு மாணவன், மூணு வருஷ வாழ்க்கைக்கு, கடன்ல புது ஃபிஃப்த் வீல் வாங்கவே கூடாது. கோபப்படறவங்க படலாம்.

புதுசுன்னா தொல்லை இருக்காதேன்னு அடுத்த கேள்வி வரும். இண்டியானா மாநிலத்துல எல்க்ஹார்ட்னு ஒரு ஊர், இந்த வண்டிகள்ல பெரும்பாலானது அந்த வட்டாரத்துலதான் தயாராகுது. கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் வண்டி வாங்க ஓடினாங்க. 2021-ல மட்டும் 6 லட்சம் ஆர்வி தொழிற்சாலையை விட்டு வெளிய வந்தது, அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை. 2023-ல அது கிட்டத்தட்ட பாதி. அவ்வளவு அவசரத்துல ஆணி அடிச்ச வண்டி எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. இன்னொண்ணு, பல வண்டிகளோட கையேட்டுல நிரந்தரமாக் குடியிருக்க இது இல்லன்னு ஒரு வரி இருக்கும், குடியிருந்தா வாரண்டி போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி கையேட்டைக் கேட்டு வாங்கி அந்த வரியைத் தேடுங்க. தேடினபோது எங்க சேல்ஸ்மேன் முகம் போன போக்கு இருக்கே...

கடைசியில வாங்கினது 2015 மாடல், 34 அடி, பழசு, ரொக்கம். சுமக்கற மிச்சம் 3,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அரை டன் டிரக்கைக் கொடுத்துட்டு ஒரு டன் வகை பழைய டீசல் டிரக். பார்க்கப் போனது நல்ல மழைக்கு மறுநாள், வேணும்னேதான். இந்த வண்டிகளைக் கொல்றது தண்ணி. ஏணி வச்சு மேல ஏறி ரப்பர் கூரையில ஒட்டுப் பசை வெடிச்சிருக்கான்னு பார்த்தோம், மூலைகளைக் கட்டை விரலால அழுத்தினோம், வெளிச் சுவரை ஓரக்கண்ணால பார்த்து எங்காவது உப்பியிருக்கான்னு தேடினோம். அலமாரிக்குள்ள தலையை விட்டு மோந்து கூடப் பார்த்தேன். டயர்ல கடைசி நாலு எண், எந்த வாரம் எந்த வருஷம்னு சொல்லும். 2315-ன்னு இருந்தது, 2015-ல 23-வது வாரம். பார்க்க புதுசாத்தான் இருந்துச்சு, ஆனா ஏழு வயசு டயர். மாத்தற காசை விலையில குறைச்சாங்க.

அவர் மனைவி ஒரு சோதனை பண்ணினாங்க, எனக்குத் தோணவே இல்ல. ஸ்லைட் எல்லாத்தையும் உள்ள இழுக்கச் சொல்லிட்டு, பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு கழிப்பறைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போக முடியுதான்னு நடந்து பார்த்தாங்க. போற வழியில குழந்தை அவசரம்னா நடுரோட்டுல வீட்டை விரிக்க முடியாதே. 41 அடி வண்டியில ஃப்ரிட்ஜ் திறக்கவே வழி இல்லன்னு அப்புறம் ஞாபகம் வந்தது.

மின்சாரத்துக்கு 50 ஆம்ப் இணைப்புதான் வேணும்னு பிடிவாதமா இருந்தோம். 30 ஆம்ப்னா 3,600 வாட், 50 ஆம்ப்னா 12,000. டெக்சாஸ் ஆகஸ்ட்ல ஒரே ஏசி ஓட்டி ஒரு குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. 'நாலு பருவத்துக்கும் ஏத்தது'ன்னு வெளிய எழுதியிருக்கறதை நம்பாதீங்க, அதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அடியில தொட்டிகள் மூடியிருக்கா, சூடு அங்க போகுதான்னு படுத்துப் பாருங்க. 2021 பிப்ரவரியில டெக்சாஸ் உறைஞ்சப்போ செங்கல் வீட்டுக் குழாய்களே வெடிச்சுது.

என் தப்பையும் சொல்லணும். டிரக்கோட பின்தொட்டி நீளத்தை நான் ஷீட்ல போடவே இல்ல. எட்டு அடி இருந்தா நல்லது, இவங்க வாங்கினது ஆறரை. இரண்டாவது வாரம் ஒரு பெட்ரோல் பங்க்ல ஒடிச்சுத் திருப்பினப்போ டிரெய்லர் மூலை டிரக்கோட பின் கண்ணாடியைத் தொட்டுச்சு. கண்ணாடி போச்சு. எடையை மட்டும் பார்த்து நீளத்தை விட்டது நான். அவர் ஒண்ணும் சொல்லல, அதான் இன்னும் உறுத்துது.

பழசுக்கும் ஒரு விலை இருக்கு. 2025-ல அவருக்கு வேற மாநிலத்துல வேலை கிடைச்சு வண்டியோட போனார். அங்க பார்த்து வச்ச பார்க்குல பத்து வயசு ஆன வண்டியை உள்ள விடறதில்லையாம். பல இடத்துல இப்படி ஒரு விதி உண்டு, சில இடத்துல போட்டோ பார்த்துட்டு விடுவாங்க, இங்க விடல. இருபது மைல் தள்ளித்தான் இடம் கிடைச்சது. என் யோசனைப்படி வாங்கினதுக்கு இது கழித்தல் குறி.

"நான் எங்கேயும் நகரப் போறதில்ல, ஒரே இடத்துல நிறுத்தப் போறேன், எடை எதுக்கு?" இதைத்தான் நண்பனும் கேட்டான். நியாயம். ஆனா நகரவே போறதில்லன்னா ஃபிஃப்த் வீல் எதுக்கு? ஒரே இடத்துல நிறுத்தி வைக்கறதுக்குன்னே கட்டின 'பார்க் மாடல்' இருக்கே. பார்க்காரர் இடத்தை வித்துட்டா, வாடகையை ஏத்திட்டா, உங்களை ஒரு மாசத்துல கிளம்பச் சொன்னா? அன்னிக்கு மூணு வருஷமா சேர்த்த சாமானோட நகர வேண்டியிருக்கும்.

நம்மாளுங்களுக்கு ஒரு வரி. எஃப்-1 விசாவுல இருக்கோம், குடியிருக்கிற விலாசம் மாறினா பத்து நாளுக்குள்ள சொல்லணும், தபால் பெட்டி விலாசம் செல்லாது. ஊர் ஊராச் சுத்தலாம்னு கனவு காணாதீங்க. நானும் ஒரு வாரம் கண்டேன் :-) அதோட உள்ள கடுகு தாளிச்சா புகை அலாரம் அலறும். சீனியர் வீட்டுல சாம்பார் வச்ச அன்னிக்கு பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பானோட ஓடி வந்தார். அலாரம் நின்னதும் ஒரு கிண்ணம் சாம்பார் வாங்கிட்டுப் போனார்.

நேத்து ராத்திரி நண்பன் ஸ்டிக்கர் போட்டோ அனுப்பியிருக்கான். 1,340 பவுண்டு. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலையாம். அவன்கிட்ட தராசு இல்ல. என்னோடதை எடுத்துட்டு சனிக்கிழமை காலையில போறேன், ஏணி அவன் கடன் வாங்கி வைக்கறதா சொல்லியிருக்கான்.