குடும்ப நலம்: வளர்ச்சிக்கு ஒரு காவல்

எடை மிகுந்த குழந்தை பிறந்தால் வீட்டார் மகிழ்வது இயல்பு. அத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமாகவே இருப்பர். தாய்க்குள்ள நீரிழிவு நோயும் சில வேளைகளில் இதற்குக் காரணமாகும். ஆயினும் மிக அரிதாகச் சில ஆண் குழந்தைகளிடம் காணும் அளவு மீறிய வளர்ச்சிக்கு ஒரு மரபணுவின் பழுதே காரணம். அதனைப் பற்றி இம்மாதம் அறிவோம்.

நம் உயிரணுக்களின் மேற்பரப்பில், புரதத்தோடு சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த 'புரோட்டியோகிளைக்கன்' என்னும் பொருள்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்திகள் உயிரணுவை எட்டுவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுள் ஒன்று 'கிளிப்பிக்கன் 3'. இதனை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. கரு வளருங்கால், வளரத் தூண்டும் செய்திப் புரதம் ஒன்றைப் பற்றி உள்ளிழுத்து, அது அழிந்துபோக வழி செய்வது இதன் பணி. இதனால் வளர்ச்சி அளவுக்குள் நிற்கிறது.

இம்மரபணு பழுதுற்றால் காவல் தளர்கிறது. இதனால் விளையும் நோய் சிம்ப்சன், கொலாபி, பெமல் ஆகியோரின் பெயரால் வழங்குகிறது. 1975 ஆம் ஆண்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு இம்மரபணுவே காரணம் என்பது 1996 இல்தான் புலனாயிற்று. குழந்தை பெரிதாகப் பிறக்கும், நாக்குப் பருத்திருக்கும். சிலருக்கு விரல்கள் மிகுந்திருக்கும். இதயத்திலும் குறை காணப்படலாம். இளமையிலேயே சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ புற்றுக்கட்டி தோன்றும் வாய்ப்பும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். எனவேதான் குறித்த கால இடைவெளியில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். தொடக்கத்திலேயே கண்ட கட்டிக்குச் சிகிச்சை எளிது.

விந்தை ஒன்று உண்டு. கருவின் கல்லீரலில் மிகுந்திருக்கும் இப்புரதம், வளர்ந்தோரின் நலமான கல்லீரலில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஆனால் கல்லீரல் புற்றுநோய் கண்டோர் பலரிடம் அது மீண்டும் தலைகாட்டி, கட்டியின் வளர்ச்சிக்குத் துணை போகிறது! ஓரிடத்தில் காவலனாய் நிற்பது மற்றோரிடத்தில் பகைவனுக்கு உதவுகிறது. எனினும் அதன் தோற்றமே, திசுச் சோதனையில் நோயை அடையாளம் காண மருத்துவருக்குக் கைகொடுக்கிறது.

இறுதியாக ஒன்று. தாய்க்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒன்றில் பழுதிருப்பினும் மற்றொன்று ஈடு செய்வதால், பெரும்பாலும் அவள் நலமாகவே இருப்பாள்; தன்னிடம் பழுதிருப்பதையே அறியாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தாயிடம் இல்லாமல், குழந்தையிடமே புதிதாய்த் தோன்றுவதும் உண்டு. அவள் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணமன்று. ஆதலால் மருமகள்மீது பழி சுமத்தாமல், அவளோடு மருத்துவரிடம் சென்று மரபியல் ஆலோசனை பெறுவதே குடும்பத்தாரின் கடமை.