கையடக்க ஒளியிழைக் கருவிகள்: எண் மட்டும் நோயைச் சொல்லுமா?

இரத்தத்திலுள்ள நொதிகளை ஒளியிழையின் துணையால் விரைவாக அளக்கும் கையடக்கக் கருவிகளைப் பற்றிய ஆய்வுச் செய்திகள் வெளிவருகின்றன. ஆய்வக வசதி தொலைவிலுள்ள ஊர்களுக்கு இவை பெரிதும் பயன்படக்கூடும். எனினும், அவை ஆய்வகப் பரிசோதனைக்கு மாற்றாகிவிட்டன எனக் கருதுதல் தவறு.

கருவி இயங்கும் விதம்

கல்லீரலிலும் எலும்பிலும் மிகுதியாக உள்ள ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்னும் நொதியை எடுத்துக்கொள்வோம். ஒளிராத ஒரு வேதிப்பொருளிலிருந்து இந்நொதி பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும். எஞ்சிய பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் நீல நிறத்தில் ஒளிரும். மெல்லிய இழை அக்கதிரைச் செலுத்தி, ஒளிர்வைத் திரும்பப் பெறுகிறது. ஒளிர்வு கூடும் வேகத்தைக் கொண்டு நொதியின் அளவு கணக்கிடப்படுகிறது.

எண்ணின் பொருள்

பித்தநாளம் அடைபட்டால் இந்நொதி உயரும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியாலும், கருவுற்ற தாய்மார்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியாலும் அது இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஆகவே, 14 வயதுச் சிறுவனுக்கு இயல்பான ஓர் எண், 50 வயதினருக்கு நோயின் அறிகுறியாகலாம். உயர்வுக்குக் காரணம் கல்லீரலா, எலும்பா என அறிய, காமா ஜி.டி. என்னும் மற்றொரு நொதியையும் மருத்துவர் பரிசோதிப்பார்.

பிழை நேரும் இடங்கள்

நொதியின் வேகம் வெப்பநிலைக்கேற்ப மாறும். ஆய்வகங்கள் 37 டிகிரி செல்சியசில் அளக்கின்றன. வெப்பநிலையைச் சீராக வைக்காத கருவி வேறு எண்ணைத் தரும். இ.டி.டி.ஏ. கலந்த குழாயில் எடுத்த இரத்தத்தில் அளவு குறைந்தே தோன்றும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிரூபின் நிறமி நீல ஒளியை உறிஞ்சுவது. அதற்கேற்பத் திருத்தம் செய்யாத கருவி, பரிசோதனை மிகவும் தேவைப்படும் நோயாளிக்கே குறைந்த எண்ணைக் காட்டக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், மலம் வெளிறுதல், காய்ச்சலுடன் வலப்புற மேல்வயிற்று வலி ஆகியவை இருப்பின், கருவி காட்டும் எண் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
• கருவி, மருத்துவச் சாதனங்கள் விதிகள், 2017-இன் கீழ் உரிமம் பெற்றதா எனக் கேட்டறியவும்.
• எண்ணை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
• முந்தைய ஆய்வக அறிக்கைகளை மருத்துவரிடம் காட்டவும். ஓர் எண்ணைவிட, அதன் தொடர் ஏற்ற இறக்கமே மிகுதியான பொருள் தரும்.