குதிரைகள் ஓடிய இடத்தில் வீடுகள்!

சிங்கப்பூரில் "ரேஸ் கோர்ஸ் ரோடு" என்று ஒரு தெரு இருக்கிறது.

தமிழர்கள் கூடும் சிராங்கூன் ரோட்டுக்கு அருகில்தான் அந்தத் தெரு. மீன் தலைக் கறிக்குப் பெயர் போன இடம்.

ஆனால் அங்கே ரேஸ் கோர்ஸ் இல்லை! குதிரையும் இல்லை!

பந்தயத் திடல் எங்கே போயிற்று?

சதுப்பு நிலம்

1842-ம் ஆண்டு சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்கள் ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். இப்போது "பேரர் பார்க்" என்று அழைக்கப்படும் இடம் அப்போது சதுப்பு நிலம். அதைச் சீர்ப்படுத்தி ஓடுகளம் அமைத்தார்கள்.

1843 பிப்ரவரி 23-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது.

அந்தத் திடல் குதிரைக்கு மட்டும் பயன்படவில்லை. 1911-ல், சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது அங்கேதான்!

1933-ல் பந்தயம் புக்கிட் தீமா என்ற இடத்துக்கு மாறியது. பழைய திடல் விளையாட்டு மைதானம் ஆனது.

45 ஆயிரம் சிப்பாய்கள்

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

இரண்டு நாள் கழித்து, பழைய பந்தயத் திடலில் சுமார் 45 ஆயிரம் இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்.

அங்கே கேப்டன் மோகன்சிங் பேசினார். இந்திய விடுதலைக்குப் போராட வாருங்கள் என்று அழைத்தார். ஏராளமானோர் முன்வந்தனர். மறுத்தவர்களும் உண்டு.

இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேதான் வித்து ஊன்றப்பட்டது. 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

கூட்டம் குறைந்தது

புக்கிட் தீமாவில் 1999 வரை குதிரைகள் ஓடின. பிறகு கிராஞ்சி என்ற இடத்தில் சுமார் 50 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் கட்டிய புதிய திடலுக்குப் பந்தயம் மாறியது.

திடல் பெரிதானது. கூட்டமோ சிறிதானது!

2010-ல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரி 11 ஆயிரம் பேர் வந்தார்கள். 2019-ல் அது 6 ஆயிரம் ஆனது. கொரோனாவுக்குப் பிறகு இன்னும் குறைந்தது.

2023 ஜூன் மாதம் அரசாங்கம் முடிவை அறிவித்தது. 2024 அக்டோபர் 5-ந் தேதி கடைசிப் பந்தயம். 181 ஆண்டு வரலாறு அன்றோடு முடிந்தது!

நிலம் யாருக்கு?

காரணம் கூட்டம் குறைந்தது மட்டும் அல்ல. நிலமும்தான்.

சிங்கப்பூர் முழுவதும் சேர்த்தே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். கிராஞ்சி திடலோ 300 ஏக்கருக்கு மேல்! 2027 மார்ச்சுக்குள் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று அரசாங்கம் கூறியது. வீடு கட்டுவது உள்பட மக்களின் தேவைகளுக்கு அது வேண்டும் என்பது அரசின் கணக்கு.

மற்ற இரண்டு திடல்களுக்கும் அதே கதிதான். பேரர் பார்க்கில் சுமார் 1,600 வீடுகளுக்குத் திட்டம். புக்கிட் தீமாவில் 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வீடுகள் வரை திட்டம்.

வாரம் ஒரு நாள் சில ஆயிரம் பேர் வேடிக்கை பார்த்த இடம், பல ஆயிரம் குடும்பங்களுக்கு வீடாகிறது. இது நியாயம் என்றே சொல்ல வேண்டும்.

இதில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆயுள் முழுவதும் குதிரையோடு பழகிய லாயத் தொழிலாளி வேறு என்ன வேலை செய்வார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குதிரைகள் நின்றன, சூதாட்டம் நிற்கவில்லை! வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் ஏற்பாடு தொடர்ந்து இருந்தது. திடலை மூடுவது எளிது. சம்பளப் பணத்தைப் பந்தயத்தில் விடும் பழக்கத்தை மூட அரசாங்கத்தால் மட்டும் முடியாது. அது வீட்டில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது.