கட்டடம் எப்போது செத்தது?

பழைய தொழிற்கூடம் ஒன்று கலைக்கூடமாக மாறினால் போதும், ஒரு வாக்கியம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது: 'செத்துக் கிடந்த கட்டடத்துக்குக் கலை உயிர் கொடுத்தது.' நம்ம ஆட்களும் திறப்புவிழாவுக்குப் போய், துருப்பிடித்த குழாயைப் படம் பிடித்து, இதையே தமிழில் எழுதிப் போடுகிறார்கள். எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் தகராறு. கட்டடம் சாகவில்லை. உள்ளே இருந்த வேலையை வெளியேற்றினார்கள். ரெண்டும் வேற.

சமகாலக் கலைக்கூடத்துக்கு என்ன வேண்டும்? தூண்கள் குறைந்த அகலமான தரை, உயரமான கூரை, பெரிய வாசல், பாரம் தாங்கும் தளம். இதில் எதையும் ஓவியருக்காக யாரும் கட்டவில்லை. டர்பைனை இறக்க, லோரியை உள்ளே விட, சரக்கை அடுக்கக் கட்டினார்கள். இன்று அங்கே கம்பீரமாக நிற்கும் சிற்பம் பழைய உழைப்பின் அளவுகளுக்குள்தான் நிற்கிறது. ஆக, கலை உயிர் கொடுக்கவில்லை, கடன் வாங்கியிருக்கிறது. யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல வேண்டாமா?

லண்டன் பேங்க்சைடு மின்நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் டேட் மாடர்ன் ஆனது. 'டர்பைன் ஹால்' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பினாங்கில் 1947இல் கட்டிய பேருந்துப் பணிமனை, 2014 முதல் கலைவெளியாக இயங்குகிறது. அதற்கும் இன்றுவரை ஹின் பஸ் டெப்போ என்றே பெயர். நல்லதுதான். ஆனால் இயந்திரத்தின் பெயர் மிஞ்சினால் மட்டும் போதுமா? பேங்க்சைடை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அங்கே இரவு ஷிப்ட் பார்த்தவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பக்கத்திலேயே பார்க்கலாம். 2022இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடத்தில் திறந்தது. அந்த வட்டாரத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது 1972இல். அதற்கு முன் சரக்கு பெரும்பாலும் மனிதர்களின் தோளிலும் முதுகிலும்தான் ஏறி இறங்கியது. அவற்றில் தமிழ் முதுகுகளும் நிறைய. கொள்கலன் வந்து அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது துறைமுகமே துவாஸுக்குப் போகிறது.

'கலைக்கூடம் வரலைன்னா இடிச்சுட்டு கொண்டோ கட்டியிருப்பான்' என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இடிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லிக்கொண்டே கணக்கும் கேட்கலாம். கட்டடக் கலைஞரின் பெயர் இருக்கும் பலகையில், அங்கே என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள் என்பதும் இருக்கட்டும். அவர்கள் மொழியிலேயே இருக்கட்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். நேரம்தான் இல்லை. 1971இல் இருபது வயதில் மூட்டை தூக்கியவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

அடுத்த விமர்சனத்தில் 'உயிர் கொடுத்தது' என்று எழுதப் போகிறவர், அதற்கு முன் அந்த வட்டாரப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: இங்கே என்ன இறங்கியது? ஒரு மூட்டை எத்தனை கிலோ? ஒரு நாள் கூலி எவ்வளவு?